ஆண் தவளை முட்டையிட்டது!

ஆண் தவளை முட்டையிடுமா?

இட்டது! முட்டை பொரிந்து குஞ்சும் வந்தது.

இது நடந்தது அமெரிக்காவில். கலிபோர்னியா மாகாணத்தில் பெர்க்லி என்ற ஊரில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே டைரோன் ஹேஸ் என்ற பேராசிரியர் தவளைகளை வைத்து ஆராய்ச்சி நடத்தினார்.

40 ஆண் தவளைகள். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஒரு நீர்த்தவளை இனம். அவை தலைப்பிரட்டையாக இருந்தபோதே அவர் ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டார். அவை நீந்திய தண்ணீரில் ஒரு மருந்தைக் கலந்தார். அந்த மருந்தின் பெயர் அட்ரசின்.

அட்ரசின் என்பது களைக்கொல்லி. மக்காச்சோளக் கொல்லையில் களை தலையெடுக்காமல் இருப்பதற்காகத் தெளிப்பது. நம் நாட்டு மக்காச்சோள விவசாயிகளுக்கும் தெரிந்த மருந்துதான்.

எவ்வளவு கலந்தார்? குடம் குடமாக ஊற்றவில்லை. நூறு கோடி பங்கு தண்ணீருக்கு இரண்டரைப் பங்கு மருந்து! அமெரிக்காவில் குடிதண்ணீரில் மூன்று பங்கு வரை இந்த மருந்து இருக்கலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறது. அதைவிடக் குறைவு.

தவளைகள் வளர்ந்து பெரிதாயின. பார்த்தால், 40 ஆண்களில் 4 பெண்ணாக மாறியிருந்தன! வயிற்றுக்குள் முட்டைப்பை இருந்தது. அவற்றில் சிலவற்றைச் சாதாரண ஆண் தவளைகளோடு விட்டார்கள். ஜோடி சேர்ந்தன. முட்டையிட்டன.

2010-ம் ஆண்டில் இந்தச் செய்தி வெளிவந்தது. விஞ்ஞானிகள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள்.

இதைவிட விசித்திரம், அந்த முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகள். அத்தனையும் ஆண்! ஒன்றுகூடப் பெண் இல்லை.

காரணம் இதுதான். அந்த இனத்தில் பெண் தவளையின் உடம்பில் இரண்டு குறிப்புகள் இருக்கும். ஒன்று "ஆண்" என்று சொல்லும். மற்றது "பெண்" என்று சொல்லும். ஆண் தவளையின் உடம்பில் இரண்டுமே "ஆண்" என்றுதான் சொல்லும். மருந்து தவளையின் உடம்பை மாற்றியதே தவிர, உள்ளே இருந்த குறிப்பை மாற்றவில்லை. தாய்க்குள்ளும் ஆண் குறிப்பு. தந்தைக்குள்ளும் ஆண் குறிப்பு. பிறகு பெண் குஞ்சு எங்கிருந்து வரும்?

ஒரு குளத்தில் தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்தால், அந்தக் குளத்தில் பெண் தவளை அருகிக்கொண்டே போகும்.

மருந்தைச் செய்யும் கம்பெனி இந்த ஆராய்ச்சியை ஒப்புக்கொள்ளவில்லை. "எங்களுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லையே" என்று சொன்ன ஆராய்ச்சிக்கூடங்களும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை. ஐரோப்பிய நாடுகள் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. இந்த மருந்து நிலத்தடி நீரில் இறங்கிவிடுகிறது என்று சொல்லி, 2004-லேயே அதைத் தள்ளி வைத்துவிட்டன. அமெரிக்க விவசாயிகள் இன்றும் தெளிக்கிறார்கள்.

தவளையை விடுங்கள். வழக்கே இல்லாமல் நிரூபணமான சங்கதிகள் இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொள்ள, முதலில் ஒரு முட்டைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

முட்டையும் சூடும்

அமெரிக்காவின் தென்பகுதிச் சதுப்பு நிலங்களில் அகன்ற மூக்குள்ள முதலை ஒன்று வாழ்கிறது. தாய் முதலை செடி கொடிகளையும் சேற்றையும் குப்பை மேடு போலக் குவிக்கும். அதற்குள் 30, 40 முட்டைகள் இட்டு மூடிவிடும். குப்பை மக்கும்போது சூடு பிறக்கும். கோழி அடைகாப்பதுபோல அந்தச் சூடுதான் முட்டையைப் பொரிக்கிறது. சுமார் 65 நாள்.

முட்டை இடும்போது, உள்ளே இருக்கும் கரு ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல!

கூட்டுக்குள் சூடு 30 டிகிரியாக இருந்தால் பெண் குட்டிகள் பிறக்கும். 33 டிகிரியை ஒட்டி இருந்தால் ஏறக்குறைய எல்லாம் ஆண். மூன்று டிகிரி வித்தியாசம்தான். அது ஆணா, பெண்ணா என்பதை முடிவு செய்துவிடுகிறது!

ஆமைகள் பலவற்றில் இது தலைகீழ். சூடு கூடினால் பெண். குறைந்தால் ஆண். சென்னைக் கடற்கரைக்கு வந்து மணலில் முட்டையிடுகிறதே பங்குனி ஆமை, அதுவும் இந்த ரகந்தான்.

சூடு நேராக இந்த வேலையைச் செய்வதில்லை. உடம்பைத் தூண்டி ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. ஹார்மோன் என்பது உடம்பு தனக்குத் தானே அனுப்பிக்கொள்ளும் தூது. ரத்தத்தில் கலந்து ஓடி, "நீ இப்படி வளர்" என்று ஒவ்வொரு உறுப்புக்கும் சொல்லும். ஆமை முட்டைக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் சுரந்தால், கருவுக்கு முட்டைப்பை உண்டாகும். சுரக்காவிட்டால் விந்துப்பை உண்டாகும்.

ஹார்மோனைச் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் பல அணுக்களில் அதற்கேற்ற பூட்டு இருக்கிறது. சாவி பொருந்தினால் கதவு திறக்கும்.

மனிதன் செய்த சில ரசாயனங்கள் அந்தப் பூட்டுக்குக் கள்ளச்சாவி ஆகிவிடுகின்றன! வேறு சில ரசாயனங்கள் பூட்டின் துவாரத்தை அடைத்துக்கொண்டு, உண்மையான சாவியை உள்ளே விடுவதில்லை.

இவற்றை யாரும் அந்த எண்ணத்தோடு செய்யவில்லை. ஒன்று பூச்சியைக் கொல்லச் செய்தது. ஒன்று மின்சார டிரான்ஸ்பார்மரில் ஊற்றச் செய்தது. தற்செயலாக அவற்றின் உருவம் சாவிபோல அமைந்துவிட்டது.

1950-ம் ஆண்டிலேயே இதற்கு ஓர் அறிகுறி தெரிந்தது. அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சேவல் குஞ்சுகளுக்கு டி.டி.டி. மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் சாகவில்லை. ஆனால் வளர்ந்தபோது கொண்டை சிறுத்துப்போயிருந்தது. பார்ப்பதற்குப் பெட்டைபோல இருந்தன. அந்த மருந்துக்குள் பெண்மை ஹார்மோனின் குணம் இருக்கிறது போலும் என்று அவர்கள் எழுதி வைத்தார்கள். அது டி.டி.டி. கொடிகட்டிப் பறந்த காலம். அதன் பூச்சி கொல்லும் சக்தியைக் கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கொடுத்து இரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது. சேவல் கொண்டையை யார் கவனிப்பார்கள்?

1994-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆமை முட்டைகளை எடுத்து, ஆண் குஞ்சு பிறக்கக்கூடிய சூட்டில் வைத்தார்கள். டிரான்ஸ்பார்மர்களில் ஊற்றி வந்த பி.சி.பி. என்ற ரசாயன வகையில் சிலவற்றை, சில முட்டைகளின் ஓட்டின்மேல் துளித் துளியாகத் தடவினார்கள். அவ்வளவுதான். தடவாத முட்டைகளில் ஆண் பிறந்தது. குறிப்பிட்ட சில ரசாயனங்களைத் தடவிய முட்டைகளில் பெண் பிறந்தது!

ஏரியில் முதலை குறைந்தது

ஆராய்ச்சிக்கூடத்தில் எதையும் நடத்திக் காட்டலாம். வெளியே, ஏரியிலும் ஆற்றிலும் இப்படி நடக்கிறதா?

அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தில், ஆர்லாண்டோ நகருக்குப் பக்கத்தில் அபோப்கா என்று ஓர் ஏரி இருக்கிறது. பரப்பு சுமார் 125 சதுர கிலோமீட்டர். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அதன் வடகரைச் சதுப்பு நிலத்துக்கு அணை போட்டு, தண்ணீரை வெளியேற்றி, காய்கறி பயிரிட்டார்கள். கருப்பு மண். போட்டது விளைந்தது. பூச்சியும் வந்தது. பூச்சிக்கு மருந்தும் வந்தது. தெளித்தது வாய்க்கால் வழியாக ஏரிக்குப் போயிற்று.

அது போதாதென்று, 1980-ல் ஏரிக்கரையை ஒட்டி இருந்த ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து கழிவு உடைத்துக்கொண்டு வந்தது. அதில் டைக்கோபால் என்ற மருந்து இருந்தது. அதோடு டி.டி.டி.யும் கலந்திருந்தது. அமெரிக்காவில் டி.டி.டி.க்குத் தடை போட்டு 8 வருஷம் ஆகியிருந்தது! டைக்கோபால் செய்வதற்கு டி.டி.டி. மூலப்பொருள். அதனால் அது ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது.

அடுத்த சில ஆண்டுகளில் அந்த ஏரியில் முதலைக் குட்டிகள் பத்தில் ஒன்பது பங்கு குறைந்துபோயின.

ஏன் குறைந்தன? புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயி கில்லெட் என்ற விஞ்ஞானி இதைத் துருவினார். முதலை பிடிக்கிற வேலை ராத்திரியில்தான் நடக்கும். விளக்கடித்தால் முதலையின் கண் நெருப்புத் துண்டுபோல மின்னும். பக்கத்தில் போய்ப் பிடித்து, ரத்தம் எடுத்து, அளந்து பார்த்துவிட்டு, திரும்பத் தண்ணீரில் விட வேண்டும். வேறொரு சுத்தமான ஏரியிலும் இதேபோல முதலைகளைப் பிடித்து ஒப்பிட்டார்.

அபோப்கா ஏரிப் பெண் குட்டிகளின் ரத்தத்தில் பெண்மை ஹார்மோன் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. ஆண் குட்டிகளின் ரத்தத்தில் ஆண்மை ஹார்மோன் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. பெண் குட்டிகளின் அளவில்தான் இருந்தது. ஆண் முதலையின் உறுப்பு சராசரியாக நாலில் ஒரு பங்கு சிறுத்திருந்தது. 1994-லும் 1996-லும் அவர் இந்த விவரங்களை வெளியிட்டார்.

பெயருக்கு ஆண் முதலை. வளர்ந்து குடும்பம் நடத்துமா என்பது சந்தேகம்.

இங்கே நடந்தது கள்ளச்சாவி வேலை மட்டும் அல்ல. டி.டி.டி. உடம்புக்குள் போனதும் டி.டி.இ. என்ற வேறு பொருளாக மாறுகிறது. அது ஆண்மை ஹார்மோனின் பூட்டை அடைத்துக்கொள்கிறது என்பது 1995-ல் தெரியவந்தது.

பிறகு அரசாங்கம் அந்தக் காய்கறி நிலங்களை விலைக்கு வாங்கி, மறுபடியும் சதுப்பு நிலமாக்க முனைந்தது. 1998-ல் தண்ணீர் விட்டார்கள். மீன் வந்தது. மீனைத் தின்னப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்தன. வந்த பறவைகளில் நூற்றுக்கணக்கானவை செத்து விழுந்தன! மண்ணுக்குள் தங்கியிருந்த பழைய பூச்சிமருந்து மீனுக்குள் ஏறி, மீனிலிருந்து பறவைக்குப் போயிருந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் தெளித்த மருந்து அது.

பெயரில்லாத ஏரி

இங்கிலாந்தில் வேறு ஒரு தினுசு.

அங்கே ரோச் என்ற மீன் உண்டு. நம் கெண்டைக்கு உறவு. ஊர்க் கழிவு நீரைச் சுத்தம் செய்து ஆற்றில் விடுகிறார்கள் அல்லவா? அந்த இடத்துக்குக் கீழே பிடித்த ஆண் ரோச் மீன்களை அறுத்துப் பார்த்தால், விந்துப்பைக்குள் முட்டை இருந்தது! சில இடங்களில் ஏறக்குறைய எல்லா ஆண் மீன்களும் அப்படி இருந்தன. 1998-ல் இதைக் கணக்கெடுத்துச் சொன்னார்கள்.

இங்கே பூச்சிமருந்து குற்றவாளி அல்ல. பெண்களின் உடம்பிலிருந்து இயற்கையாக வெளியேறும் ஹார்மோனும், கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஹார்மோனும் சாக்கடை வழியாக ஆற்றுக்கு வருகின்றன. சுத்தம் செய்யும் நிலையத்தில் அழுக்கு நிற்கிறது. ஹார்மோன் முழுவதும் நிற்பதில்லை.

அப்போது ஒரு கேள்வி எழுந்தது. "ஆண் மீனுக்குள் நாலு முட்டை இருந்தால் என்ன குடி முழுகிப்போயிற்று? மீன்கள் வாழ்ந்துகொண்டுதானே இருக்கின்றன?"

நியாயமான கேள்விதான். பதில் தெரிய ஓர் ஏரியையே பலி கொடுக்க வேண்டும். அதற்கும் ஆள் கிடைத்தது.

கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தின் வடமேற்கே காடும் ஏரியுமாகக் கிடக்கிறது. ஊர் கிடையாது, தொழிற்சாலை கிடையாது. 1968-ல் அங்கே 50-க்கு மேற்பட்ட சிறிய ஏரிகளை ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கினார்கள். அந்த ஏரிகளுக்கு நம்பர் போட்டிருக்கிறார்கள். 260-ம் நம்பர் ஏரியில், கேரன் கிட் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 2001, 2002, 2003 ஆகிய மூன்று வருஷமும் கோடை காலத்தில் கருத்தடை மாத்திரையின் ஹார்மோனைக் கலந்தார்கள்.

அளவு, நூறு கோடி லிட்டர் தண்ணீருக்கு 5 அல்லது 6 கிராம். ஒரு தேக்கரண்டி சர்க்கரையின் எடை!

அந்த ஏரியில் விரல் நீளமுள்ள சிறு மீன் ஒன்று ஏராளமாக இருந்தது. பருத்த தலை. குடும்பப் பொறுப்பெல்லாம் ஆணுக்குத்தான். தண்ணீருக்குள் கிடக்கும் மரக்கட்டையின் அடியில் பெண் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகும். ஆண் மீன் அங்கேயே காவல் இருக்கும். முதுகால் முட்டைகளைத் தேய்த்துத் தேய்த்து அழுக்குப் படாமல் துடைக்கும்.

மருந்து கலந்ததும் இந்த ஆண் மீன்களின் உடம்பில் முட்டைக்கு மஞ்சள் கரு செய்யும் சத்து ஊறத் தொடங்கியது. அது தாய் மீனுக்கு மட்டுமே உரிய சத்து. ஆண்மை வளர்வது தடைப்பட்டது. விந்துப்பைக்குள் முட்டை தோன்றியது.

மருந்து யாரையும் அடித்துக் கொல்லவில்லை. இலையுதிர் காலத்தில் வலை போட்டபோதுதான் தெரிந்தது: அந்த வருஷத்துக் குஞ்சைக் காணோம். அந்த மீனின் ஆயுள் மூன்று, நாலு வருஷந்தான். கிழடுகள் போய்க்கொண்டிருந்தன. அந்த இடத்துக்குப் புதியவை வரவில்லை. 2005-ல் ஏரி முழுவதும் தேடினால் ஒன்றிரண்டு கிடைத்தது. அவற்றை இரையாகத் தின்று வளர்ந்த பெரிய மீன்களும் குறைந்தன.

மருந்து கலப்பதை நிறுத்திச் சில வருஷம் கழித்து, அந்தச் சிறு மீன்கள் மறுபடியும் பெருகின. இது டி.டி.டி. போல மண்ணில் குடியிருக்கும் மருந்து அல்ல. அதனால் ஏரி பிழைத்தது. நகரத்துச் சாக்கடையை நிறுத்த முடியுமா என்பது வேறு விஷயம்.

நமக்கு உண்டா இந்த ஆபத்து?

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு ஒரு பயம் வரலாம். வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தை பெண் குழந்தையாக மாறிவிடுமோ?

மாறாது. மனிதக் குழந்தை ஆணா, பெண்ணா என்பது கரு உண்டான அன்றே முடிவாகிவிடுகிறது. தகப்பனிடமிருந்து வரும் விந்தணு எந்தக் குறிப்பைக் கொண்டுவருகிறதோ அதுதான் முடிவு. கூட்டுச் சூட்டுக்கு இதில் வேலை இல்லை. "பெண்ணாகவே பெற்றுப் போடுகிறாளே" என்று மருமகளைத் திட்டுகிற மாமியார்கள், திட்டுவதென்றால் மகனைத்தான் திட்ட வேண்டும்!

அதற்காக நமக்குச் சம்பந்தமே இல்லை என்று இருந்துவிடவும் முடியாது. முதலையின் உடம்பில் ஓடும் பெண்மை ஹார்மோன் எதுவோ, அதேதான் மனித உடம்பிலும் ஓடுகிறது. பூட்டும் ஏறக்குறைய அதே பூட்டு. பல நாடுகளில் டாக்டர்கள் இதை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

பெண் நத்தைக்கு வந்த கேடு

ஆண் பெண்ணான கதை இதுவரை. பெண் ஆணான கதையும் உண்டு.

கப்பலின் அடிப்பாகம் எப்போதும் தண்ணீரில் இருப்பது. அதில் கொட்டலசும் பாசியும் ஒட்டி வளரும். ஒட்டினால் கப்பலின் வேகம் குறையும். எண்ணெய்ச் செலவு ஏறும். இதைத் தடுக்க 1960-களிலிருந்து வெள்ளீயம் கலந்த ஒரு ரசாயனத்தைப் பெயிண்டில் சேர்த்தார்கள். டி.பி.டி. என்று அதற்குச் சுருக்கப் பெயர். அடித்துவிட்டால் எதுவும் ஒட்டாது. கப்பல்காரர்களுக்கு ஒரே சந்தோஷம்.

இங்கிலாந்தில் பிளிமத் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பாறைகளில் ஒரு கடல் நத்தை வாழ்கிறது. 1970-ல் ஒரு விஞ்ஞானி, அதன் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்திருப்பதைக் கண்டார். துறைமுகத்துக்குக் கிட்டே போகப் போக இப்படிப்பட்ட நத்தைகள் அதிகம்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் குற்றவாளி பிடிபட்டது. கப்பல் பெயிண்ட்! நூறு கோடி லிட்டர் கடல் நீரில் 2 கிராம் கரைந்தாலே பெண் நத்தைக்கு இந்தக் கதி. இன்னும் கொஞ்சம் கூடினால், புதிதாக முளைத்த உறுப்பு முட்டை வெளிவரும் வழியை அடைத்துவிடும். முட்டை உள்ளேயே தேங்கும். தாய் நத்தை வயிறு வெடித்துச் சாகும். படகுகள் நிறைந்த பல துறைகளில் அந்த நத்தை அடியோடு அற்றுப்போயிற்று.

பிரான்சில் நத்தைக்காக யாரும் கண்ணீர் விடவில்லை. ஆனால் ஆர்க்கஷோன் வளைகுடாவில், ஜனங்கள் காசு கொடுத்து வாங்கித் தின்னும் சிப்பிகள் இதே பெயிண்டால் கெட்டுப்போயின. வியாபாரம் படுத்தது. உடனே சட்டம் வந்தது! 1982-ல் பிரான்ஸ் சிறிய படகுகளுக்கு இந்தப் பெயிண்டைத் தடுத்தது. 1987-ல் பிரிட்டன் தடுத்தது. பெரிய கப்பல்களுக்கு உலக நாடுகள் 2001-ல் ஒப்பந்தம் செய்தன. அது 2008-ல் அமலுக்கு வந்தது.

தண்ணீர் தெளியத் தெளியப் பெண் நத்தைகள் பழையபடி பெண்ணாகவே பிறந்தன. அற்றுப்போன துறைகளுக்கு அவை திரும்பி வருவதுதான் தாமதம். மற்றக் கடல் பிராணிகள் பலவற்றின் குஞ்சுகள் தண்ணீரில் மிதந்து வெகுதூரம் போய்விடும். இந்த நத்தையின் குஞ்சுகளுக்கு மிதக்கத் தெரியாது. பாறையில் பிறந்து, பாறையிலேயே ஊர்ந்துதான் அடுத்த பாறைக்குப் போக வேண்டும். கால் நூற்றாண்டுக்கு மேலாக அவை துறை துறையாக ஊர்ந்து வந்துகொண்டிருக்கின்றன.